பழைய கேம் கன்சோலில் ஹார்ட் டிஸ்க் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளேஸ்டேஷன் 3 கன்சோலிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கணினியில் இணைத்தால், அதில் எதுவுமே இல்லாததுபோலத்தான் தெரியும். இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் தயார்படுத்த வேண்டும், சரியா என்று விண்டோஸ் கேட்கும். நான் சரி என்று அழுத்தினேன். புதிய டிஸ்க் கன்சோலுக்குள் போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. பழையதைக் கணினிக்குக் கூடுதல் சேமிப்பிடமாக்கிக்கொள்ளலாம் என்ற அவசரம் எனக்கு. அன்றிரவு பேக்கப்பைப் புதிய டிஸ்க்குக்கு மீட்டபோது அது பாதியில் நின்றுவிட்டது. வெளிப்புற டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்த பிரதியே பழுதாகியிருந்தது. மறுபடி பிரதி எடுக்க மூலமும் கையில் இல்லை. நானும் என் தம்பியும் நான்கு ஆண்டுகள் மாறி மாறி விளையாடிச் சேர்த்தவை அத்தனையும் போய்விட்டன.

அதற்குப் பிறகு எனக்காகவும் நண்பர்களுக்காகவும் பல கன்சோல்களில் டிஸ்க் மாற்றியிருக்கிறேன். கழற்றி மாட்டுவது பத்து நிமிட வேலை. நான் செய்த தவறுகளும் பிறர் செய்யக் கண்ட தவறுகளும் பெரும்பாலும் திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்போ, மூடியைத் திரும்ப மாட்டிய பின்போதான் நடந்திருக்கின்றன. அதனால் இங்கே திருகுகளைப் பற்றிக் குறைவாகவும் மற்றவற்றைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன்.

கன்சோலைக் கணினி என்று நினைப்பது

ஒரு கணினியின் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால் கோப்புகள் பெரும்பாலும் அப்படியே தெரியும். கன்சோல்களில் அப்படி இல்லை. 2006இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3, டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொன்றையும் அந்தக் கன்சோலுக்கே உரிய திறவுகோலால் மறையாக்கம் செய்துதான் எழுதுகிறது. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4உம் அவ்வாறே. ஆகவே ஒரு கன்சோலின் டிஸ்க்கை அதே நிறத்திலும் அதே மாதிரியிலும் உள்ள இன்னொரு கன்சோலில் மாட்டினாலும் அதற்கு ஒன்றும் புரியாது. ஃபார்மட் செய்யத்தான் அனுமதி கேட்கும்.

இதன் பொருளை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தாய்ப்பலகை செத்துவிட்டால், டிஸ்க் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் அதிலுள்ள சேமிப்புகள், அதாவது விளையாட்டில் நீங்கள் எட்டிய இடத்தைப் பதிந்து வைத்த கோப்புகள், உங்களுக்கு எட்டாது. பழைய கன்சோல் அடிக்கடி சூடாகித் தானே அணைகிறது, மின்விசிறி இரைகிறது என்றால், பெரிய டிஸ்க் வாங்கும்வரை காத்திருக்காதீர்கள். பேக்கப்பை இன்றே எடுத்துவிடுங்கள். டிஸ்க் மாற்றுவதை அடுத்த மாதம்கூடச் செய்யலாம்.

சோனியின் இந்த இரண்டு கன்சோல்களிலும் டிஸ்க்கைப் பயனரே மாற்றலாம் என்று தயாரிப்பாளரே கையேட்டில் வழி சொல்லியிருக்கிறார். கன்சோலை முழுதாகப் பிரிக்கத் தேவையில்லை. இந்தத் தாராளம் எல்லாக் கன்சோல்களுக்கும் பொதுவானதல்ல.

2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360இன் டிஸ்க் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். உறையைப் பிரித்தால் உள்ளே மடிக்கணினிகளில் வரும் சாதாரண 2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் ஒரு முறை) டிஸ்க்தான். அதைப் பார்த்துவிட்டு, கடையில் கிடைக்கும் எந்த டிஸ்க்கையும் மாட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். மைக்ரோசாஃப்ட் தன் டிஸ்க்குகளில் எழுதி வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதி இல்லாவிட்டால் கன்சோல் அதை ஏற்காது. உறையிலும் கவனம் வேண்டும். முதல் வடிவத்துக்கான உறை கன்சோலின் வெளிப்புறத்தில் பொருந்துவது. 2010இல் வந்த மெலிந்த வடிவத்துக்கு உள்ளே செருகும் வேறு உறை. ஒன்று மற்றதில் பொருந்தாது. வேற்று நிறுவனங்கள் விற்கும் 360 டிஸ்க்குகள் இயங்கினாலும், பலவற்றில் முதல் எக்ஸ்பாக்ஸின் விளையாட்டுகளை ஓட்டத் தேவையான பகுதி இருப்பதில்லை. அந்தப் பழைய விளையாட்டுகளுக்காகவே 360 வைத்திருப்பவர் இதைக் கேட்டறியாமல் வாங்கக் கூடாது. இடம்தான் பிரச்சினை என்றால், மென்பொருளைப் புதுப்பித்த 360இல் 2 டெராபைட் வரையிலான யு.எஸ்.பி. டிஸ்க்கை வெளியிலிருந்தே இணைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் 360க்கு அதுவே நல்ல வழி.

எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுக்கும் இதையே சொல்வேன். அதன் உள் டிஸ்க் பயனர் மாற்றுவதற்காக அமைக்கப்பட்டதல்ல. ஆனால் 2014 ஜூன் முதல் 256 ஜிகாபைட்டோ அதற்கு மேலோ உள்ள யு.எஸ்.பி. 3.0 டிஸ்க்கை வெளியே இணைத்து விளையாட்டுகளை அதில் நிறுவ முடிகிறது. உள் டிஸ்க் பழுதாகாதவரை அந்தக் கன்சோலைத் திறக்க ஒரு காரணமும் இல்லை.

முதல் எக்ஸ்பாக்ஸ்: திறவுகோலை முதலில் எடுங்கள்

2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸைத் தனியே பேச வேண்டும். அதைச் சேகரித்துப் பேணுபவர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள். அதில் நேரும் இழப்பு மீட்க முடியாதது.

அதிலுள்ளது, சாட்டாவுக்கு முந்தைய இணைப்பு முறையான ஐ.டி.இ.யில் இயங்கும் 8 ஜி.பி. டிஸ்க். அந்த டிஸ்க்கே கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கும். கடவுச்சொல்லை உருவாக்கும் திறவுகோல் தாய்ப்பலகையில் ஈப்ராம் என்னும் சிறு நினைவகச் சில்லில் இருக்கிறது. மாற்றம் எதுவும் செய்யாத கன்சோலில் புது டிஸ்க்கைப் பொருத்தினால் டிஸ்க் பூட்டப்படவில்லை என்ற பொருளில் பிழை எண் 5 வரும். வேறு கன்சோலின் டிஸ்க்கைப் பொருத்தினால் திறக்க முடியவில்லை என்று பிழை எண் 6 வரும். இரண்டு எண்களும் திரையில் தெரிந்த பிறகு வருந்திப் பயனில்லை.

ஆகவே முதல் எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர் செய்யும் பெரிய தவறு, கன்சோல் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போது ஈப்ராமின் பிரதியை எடுத்து வைக்காததுதான். அது மிகச் சிறிய கோப்பு. இரண்டு இடங்களில் சேமித்து வைத்தால் டிஸ்க் செத்தாலும் புதியதை அதே திறவுகோலால் பூட்டித் தயார்செய்ய முடியும். பிரதி இல்லாமல் டிஸ்க்கும் செத்துவிட்டால், அந்தச் சில்லைத் தாய்ப்பலகையில் நேரடியாகக் கம்பி இணைத்துப் படிக்கும் அளவுக்கு வேலை பெரிதாகிவிடும். கன்சோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரவுக் கேபிளைப் பிடுங்கிக் கணினிக்கு மாற்றுவது என்றொரு பழைய முறை இருக்கிறது. அதில் டிஸ்க்கும் தாய்ப்பலகையும் ஒருசேரப் பழுதாகும் ஆபத்து உண்டு. பிரதி எடுக்க அமைதியான வழிகள் இருக்கும்போது அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மூடியைத் திறந்ததுதான் திறந்தீர்கள், இன்னொன்றையும் பாருங்கள். கடைசியாக வந்த 1.6 பதிப்பைத் தவிர மற்றவற்றில், கடிகாரத்துக்கு மின்சாரம் தரும் ஒரு மின்தேக்கி காலப்போக்கில் கசிந்து தாய்ப்பலகையின் செப்புத் தடங்களை அரித்துவிடுகிறது. டிஸ்க்கை மட்டும் மாற்றி மூடிவிட்டால், புது டிஸ்க் இருக்கும் கன்சோலே இரண்டு ஆண்டுகளில் இறந்துபோகலாம். அதை அகற்றிவிட்டால், மின்சாரம் துண்டிக்கும்போதெல்லாம் கடிகாரம் மறந்துபோகும். அவ்வளவுதான்.

அளவு பார்க்காமல் வாங்குவது

பிளேஸ்டேஷன் 3, 4 இரண்டும் 2.5 அங்குல சாட்டா டிஸ்க்கை ஏற்பவை. பலரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். தடிமன் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் தட்டில் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ள டிஸ்க் நுழையாது. 4, 5 டெராபைட் கொள்ளளவுள்ள 2.5 அங்குல டிஸ்க்குகள் 15 மி.மீ. தடிமனில் வருபவை. விலையையும் கொள்ளளவையும் மட்டும் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினால் மூடி மூடாது.

இன்னொரு ஆசை, யு.எஸ்.பி.யில் இணைக்கும் கையடக்க டிஸ்க் ஒன்றை வாங்கி, அதன் கூட்டை உடைத்து உள்ளிருப்பதைக் கன்சோலில் மாட்டலாம் என்பது. சில நேரங்களில் இது தனி டிஸ்க்கைவிட மலிவாக முடிவதால் பலரும் இதில் இறங்குகிறார்கள். ஆனால் இவ்வகை டிஸ்க்குகள் சிலவற்றில் சாட்டா இணைப்பே கிடையாது. யு.எஸ்.பி. முனை டிஸ்க்கின் மின்சுற்றுப் பலகையிலேயே நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். கூடு உடைந்தபின் உத்தரவாதமும் போய்விடும், டிஸ்க்கும் மாட்ட உதவாது. அந்த மாதிரியைப் பிரித்தவர்கள் வெளியிட்ட படங்களைப் பார்க்காமல் கூட்டில் கை வைக்காதீர்கள்.

சுழலும் பாகம் இல்லாமல் நினைவகச் சில்லுகளில் சேமிப்பவை எஸ்.எஸ்.டி.கள். எம்.2 வடிவில் வரும் சிறிய எஸ்.எஸ்.டி. அட்டைகளிலும் குழப்பம் உண்டு. அவற்றில் சாட்டா வகை, என்.வி.எம்.ஈ. வகை என்று இரண்டு இருக்கின்றன. பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். சாட்டா வகையை 2.5 அங்குலக் கூடு ஒன்றில் பொருத்திக் கன்சோலில் பயன்படுத்தலாம். என்.வி.எம்.ஈ. வகை அப்படி இயங்காது. குழப்பமே வேண்டாம் என்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.யையே கேட்டு வாங்குங்கள்.

நம்ப முடியாத விலையில் 2 டி.பி., 4 டி.பி. என்று விற்கப்படும் பெயர் தெரியாத எஸ்.எஸ்.டி.களிடம் எச்சரிக்கை வேண்டும். உள்ளே மிகச் சிறிய நினைவகத்தை வைத்து, பெரிய கொள்ளளவைக் காட்டும்படி அதன் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியிருப்பார்கள். தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இயங்குவதுபோல் தோன்றும். உண்மையான இடம் நிறைந்ததும் அதன்பின் எழுதுபவை எல்லாம் காற்றில் போகும். டிஸ்க் முழுவதும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. புதிய டிஸ்க்கைக் கன்சோலில் மாட்டும் முன் ஒரு முறை கணினியில் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஓர் இரவு ஆகலாம். பயன்படுத்திய டிஸ்க்கை வாங்கினால் இது இன்னும் அவசியம். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் உடல்நிலைப் பதிவேட்டையும் (ஸ்மார்ட்) படித்துப் பாருங்கள். பழுதான பகுதிகளுக்குப் பதிலாக மாற்றிடம் ஒதுக்கியிருப்பதாக எண்ணிக்கை காட்டினால் அந்த டிஸ்க் வேண்டாம்.

கொள்ளளவு குறைவாகத் தெரிகிறது என்று பதறுபவர்களுக்கு ஒரு சொல். தயாரிப்பாளர் 1 டெராபைட்டை 1000 ஜிகாபைட் என்று கணக்கிடுகிறார். 1024இன் பெருக்கமாகக் கணக்கிடும்போது அது 931 என்று தெரியும். கன்சோல் தன் தேவைக்கென ஒரு பகுதியை ஒதுக்கிக்கொள்வதால் அதுவும் குறையும். 500 ஜி.பி. பிளேஸ்டேஷன் 4இல் நமக்குக் கிடைத்தது ஏறத்தாழ 408 ஜி.பி.தான். மேலும், பிளேஸ்டேஷன் 4 ஒரு விளையாட்டைப் புதுப்பிக்கும்போது அதைப் பிரதி எடுத்துச் சேர்ப்பதால், கிட்டத்தட்ட அந்த விளையாட்டின் அளவுக்கே காலியிடம் கேட்கும். 100 ஜி.பி. விளையாட்டு ஒன்றை வைத்திருப்பவர் டிஸ்க்கை விளிம்புவரை நிரப்ப முடியாது. கொள்ளளவைத் தீர்மானிக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளேஸ்டேஷன் 3இன் கடைசி வடிவமான சூப்பர் ஸ்லிம்மில் 12 ஜி.பி. உள் நினைவகத்தோடு வந்த ஒன்று உண்டு. அதில் டிஸ்க்குக்கான இடம் இருக்கும், டிஸ்க்கைத் தாங்கும் சட்டம் இருக்காது. அதைத் தனியே வாங்க வேண்டும். டிஸ்க்கை மட்டும் வாங்கி வந்து விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேக்கப் எடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கை

என் இழப்பு இங்கேதான் நடந்தது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிளேஸ்டேஷன் 3 வெளிப்புற டிஸ்க்கை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருந்தால் மட்டுமே படிக்கும். டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் மற்ற முறைகளான என்.டி.எஃப்.எஸ்., எக்ஸ்ஃபேட் இரண்டும் அதற்குத் தெரியாது. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரம் ஃபேட்32ஐத் தேர்வாகக் காட்டாது. அதனால் பலர் எக்ஸ்ஃபேட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கன்சோலின் யு.எஸ்.பி. முனை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். இதற்கென்று உள்ள சிறு மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தினால் பெரிய டிஸ்க்கையும் ஃபேட்32இல் தயார்செய்யலாம். பிளேஸ்டேஷன் 4 எக்ஸ்ஃபேட்டையும் ஏற்கும்.

விளையாட்டில் செய்த சாதனைகளுக்குக் கணக்கில் சேரும் கோப்பைகள் (டிராஃபி) பேக்கப்பில் சேர்வதில்லை. பேக்கப் எடுக்கும் முன் இணையத்தில் இணைந்து, கோப்பைகளை சர்வரோடு ஒத்திசைத்துவிட வேண்டும். இதை மறந்தவருக்குச் சேமிப்புகள் திரும்பி வரும், கடைசியாக வென்ற கோப்பைகள் வராது.

பிளேஸ்டேஷன் 4இல் எவற்றை எல்லாம் பேக்கப் எடுப்பது என்று தேர்ந்தெடுக்கலாம். விளையாட்டுகளை விட்டுவிட்டுச் சேமிப்புகள், படங்கள், காணொளிகள், அமைப்புகள் ஆகியவற்றை மட்டும் எடுத்தால் பல மணி நேர வேலை சில நிமிடங்களில் முடியும். விளையாட்டுகளை மறுபடி தரவிறக்கலாம், அல்லது விளையாட்டு வந்த ஒளிவட்டிலிருந்து நிறுவலாம். ஆனால் உங்களிடம் உள்ள ஒவ்வொரு விளையாட்டும் இன்னும் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே விடுங்கள். 2014 ஆகஸ்டில் இலவசமாக வந்த 'பி.டி.' என்ற திகில் விளையாட்டு 2015இல் கடையிலிருந்து நீக்கப்பட்டது. முன்பு தரவிறக்கியவர்களும் அதை மறுபடி இறக்க முடியாது. அது இருக்கும் டிஸ்க்கை யோசிக்காமல் மாற்றி அழித்தவர்கள் இழந்ததைப் பணம் கொடுத்தும் திரும்பப் பெற முடியவில்லை. எக்ஸ்பாக்ஸ் 360இன் இணையக் கடை 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டுவிட்டது. பழைய கன்சோல்களின் கடைகள் என்றும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் எதையும் அழிக்காதீர்கள்.

ஒரே பிரதியை நம்பாதீர்கள் என்பதுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கன்சோல் எடுக்கும் முழு பேக்கப் ஒரு மூட்டை மாதிரி. அதை அவிழ்க்கும் நேரத்தில்தான் அது நல்லதா, பழுதா என்பது தெரியவரும். ஆகவே அதோடு கூட, முக்கியமான சேமிப்புகளைத் தனித்தனியாக ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். பிளேஸ்டேஷன் 3இல் சில விளையாட்டுகள் இதற்கு இடம் தருவதில்லை. அவற்றுக்கு முழு பேக்கப் ஒன்றே வழி. அதையும் கன்சோல் மாறினால் மீட்க முடியாது.

அடுத்தது, மீட்கும்போது நடப்பது. முழு பேக்கப்பை மீட்டால், கன்சோலில் அப்போது இருப்பவை அனைத்தும் அழிந்த பிறகே பழையவை வரும். புதிய டிஸ்க்கை மாட்டிய உற்சாகத்தில் இரண்டு நாள் புதிதாக விளையாடிவிட்டு, பிறகு வார இறுதியில் நிதானமாக மீட்பவருக்கு அந்த இரண்டு நாள் ஆட்டமும் போய்விடும். டிஸ்க் மாட்டியவுடன் முதல் வேலை மீட்பதாக இருக்கட்டும்.

பிளேஸ்டேஷன் 3காரர்களுக்கு இன்னொரு முள் உண்டு. உங்கள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கியிருந்தால், வழக்கமான கடவுச்சொல்லை எத்தனை முறை சரியாக அடித்தாலும் அந்தக் கன்சோல் ஏற்காது. அதற்கென ஒரு சாதன அமைவுக் கடவுச்சொல்லைக் கணக்கின் இணையப் பக்கத்தில் உருவாக்கி அதையே கொடுக்க வேண்டும். டிஸ்க் மாற்றியதால்தான் கணக்கு முடங்கிவிட்டது என்று எண்ணி, பழைய டிஸ்க்கையும் புதிய டிஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போட்டு இரவைக் கழித்த நண்பர் ஒருவருக்குக் கடைசியில் தேவைப்பட்டது இந்த ஒரு கடவுச்சொல்தான்.

தவறான நிறுவல் கோப்பு

பிளேஸ்டேஷன் 4இல் புதிய டிஸ்க்கை மாட்டியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. புதிய டிஸ்க்கில் இயங்குதளம் கிடையாது. அதைக் கணினியில் தரவிறக்கி, பென் டிரைவில் வைத்துக் கன்சோலுக்குத் தர வேண்டும். சோனி இரண்டு கோப்புகளைத் தருகிறது. ஒன்று, ஏற்கெனவே இயங்கும் கன்சோலைப் புதுப்பிக்க. மற்றது, காலி டிஸ்க்கில் முழுதாக மீண்டும் நிறுவ. இரண்டுக்கும் பெயர் ஒன்றே! அளவில்தான் வேறுபாடு. முழு நிறுவல் கோப்பு ஏறத்தாழ 1 ஜி.பி. இருக்கும், புதுப்பிப்புக் கோப்பு அதில் பாதியளவே. சிறியதை இறக்கி வைத்துவிட்டால் கன்சோல் கோப்பைக் காணவில்லை என்றோ, பயன்படுத்த முடியாது என்றோ சொல்லும். டிஸ்க் சரியில்லை என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. அளவைப் பாருங்கள்.

கோப்பு சரியாக இருந்தும் 'எஸ்.யு-41333-4' என்ற பிழை வந்தால், அது இருக்கும் இடமோ பெயரோ தவறு. பென் டிரைவில் 'பி.எஸ்.4' என்ற கோப்புறை, அதனுள் 'அப்டேட்' என்ற கோப்புறை, அதனுள் கோப்பு என்ற வரிசை வேண்டும். கோப்புறைகளின் பெயர்களை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், இடையில் புள்ளியோ இடைவெளியோ இல்லாமல் எழுத வேண்டும். தரவிறக்கத்தை இரண்டு முறை செய்திருந்தால், உலாவி இரண்டாவது கோப்பின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துவிடும். அந்தச் சிறு எண் இருந்தாலே கன்சோல் அதைக் கண்டுகொள்ளாது. நான் உதவப் போன இடங்களில் இதை மட்டும் மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

கன்சோலில் முன்பு இருந்த பதிப்பைவிடப் பழைய கோப்பும் செல்லாது. சில ஆண்டுகளுக்கு முன் பத்திரப்படுத்தியதை நம்பாமல் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 3க்கு ஒரே கோப்புதான். அதிலும் கோப்புறை வரிசை இதே முறைதான், எண் மட்டும் 3.

பிறகு, கன்சோலைப் பாதுகாப்பு நிலையில் (சேஃப் மோட்) தொடங்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4இல் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து, ஏறத்தாழ 7 விநாடியில் இரண்டாவது ஒலி கேட்டதும் விடுங்கள். கட்டுப்பாட்டுக் கருவியை யு.எஸ்.பி. கேபிளால் இணைக்கச் சொல்லித் திரை கேட்கும். இங்கே பலர் அசையாமல் நின்றுவிடுகிறார்கள். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பலன் இருக்காது. காரணம், கையில் இருப்பது மின்னேற்றம் மட்டும் செய்யும் மலிவான கேபிள். அதில் தரவு போகாது. கைப்பேசியிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்ற எந்தக் கேபிள் உதவுகிறதோ அதைப் பயன்படுத்துங்கள். திரையில் வரும் பட்டியலில் 7ஆவதாக உள்ள, இயங்குதளத்தை மீண்டும் நிறுவும் தேர்வுதான் உங்களுக்கு வேண்டியது. அது ஓடும்போது மின்சாரம் போகாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருகும் தட்டும்

கைவேலையில் நான்கைந்து எச்சரிக்கைகள் போதும். பிளேஸ்டேஷன் 4 ஓய்வு நிலையில் செம்மஞ்சள் விளக்கோடு இருக்கும்போது அணைந்துவிட்டது என்று எண்ணி டிஸ்க்கை உருவாதீர்கள். அப்போதும் அது டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கக்கூடும். முழுதாக அணைத்து, மின் கேபிளைச் சுவரிலிருந்து எடுத்த பிறகே மூடியைத் தொடுங்கள்.

பிளேஸ்டேஷன் 3இன் தட்டைப் பிடித்திருக்கும் நீலத் திருகு மிக இறுக்கமாக இருக்கும், தலையும் மென்மையானது. பொருந்தாத திருப்புளியால் திருகினால் அதன் குறுக்குப் பள்ளம் வழவழவென்று தேய்ந்துவிடும். பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். சரியான அளவுள்ள திருப்புளியை நேராக ஊன்றி, கீழ்நோக்கி நன்றாக அழுத்தியபடி மெல்லத் திருப்புங்கள். பிளேஸ்டேஷன் 4இன் முதல் வடிவத்தில் மேல்மூடியின் பளபளப்பான பகுதியைப் பக்கவாட்டில் தள்ளினாலே வந்துவிடும். நெம்பினால் அதன் கொக்கிகள் உடையும். உள்ளே முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் பொறித்த திருகு ஒன்று தெரியும். அதை மட்டும் கழற்றினால் போதும். பின்னர் வந்த ஸ்லிம், புரோ வடிவங்களில் டிஸ்க்குக்கான வழி பின்பக்கம்.

தட்டை உள்ளே தள்ளும்போது முட்டினால் பலத்தைக் கூட்டாதீர்கள். வெளியே எடுத்து, டிஸ்க் தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்.எஸ்.டி. எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று எதிர்பார்ப்பது

பிளேஸ்டேஷன் 3இன் சாட்டா இணைப்பு முதல் தலைமுறையைச் சேர்ந்தது. விநாடிக்கு 150 மெகாபைட் அளவுக்கு மேல் அதில் போகாது. அந்த விளையாட்டுகளில் பல, ஒளிவட்டிலிருந்தும் கொஞ்சம் படித்துக்கொண்டே இருப்பவை. விலை உயர்ந்த எஸ்.எஸ்.டி.யைப் போட்டாலும் சில விளையாட்டுகளில் சில விநாடிகள் மிச்சமாகும், சிலவற்றில் வித்தியாசமே தெரியாது. பிளேஸ்டேஷன் 3க்கு நான் சாதாரண எஸ்.எஸ்.டி.யே போடுவேன். வேகத்துக்காக அல்ல, சூடும் ஒலியும் குறையும் என்பதற்காக.

பிளேஸ்டேஷன் 4இன் கதை வேறு. அதோடு வந்த டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்வது. அதன் பெரிய திறந்த உலக விளையாட்டுகளில் ஒவ்வொரு முறை காத்திருக்கும் நேரமும் எஸ்.எஸ்.டி.யால் நன்றாகவே குறைகிறது. ஆனால் காட்சி திக்குவது, வேகம் குறைவது போன்றவை பெரும்பாலும் செயலியும் வரைகலைச் சில்லும் திணறுவதால் நேர்பவை. டிஸ்க்கை மாற்றி அவற்றைத் தீர்க்க முடியாது. முதல் வடிவம் சாட்டா இரண்டாம் தலைமுறை, புரோ மூன்றாம் தலைமுறை. அதனால் மலிவான, பெயர் பெற்ற சாட்டா எஸ்.எஸ்.டி. எதுவும் போதும். மிக வேகமானதைத் தேடிக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

சுழலும் டிஸ்க்கையே வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2 டி.பி. அளவில் வரும் மெல்லிய 2.5 அங்குல டிஸ்க்குகளில் பல, தரவுத் தடங்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதுபவை. படிக்கும்போது குறை தெரியாது. பெரிய விளையாட்டை நிறுவும்போதும் புதுப்பிக்கும்போதும் நெடுநேரம் இழுக்கும். வெறும் இடம்தான் தேவை, காத்திருக்கப் பொறுமை உண்டு என்றால் அது போதும். பிளேஸ்டேஷன் 4இல் 2017இல் வந்த 4.50 பதிப்பிலிருந்து 250 ஜி.பி. முதல் 8 டி.பி. வரையிலான யு.எஸ்.பி. 3.0 டிஸ்க்கை வெளியே இணைத்து விளையாட்டுகளை வைத்துக்கொள்ளலாம். சேமிப்புகள் மட்டும் எப்போதும் உள் டிஸ்க்கில்தான் இருக்கும். உள்ளே சிறிய எஸ்.எஸ்.டி., வெளியே பெரிய சுழலும் டிஸ்க் என்ற ஏற்பாட்டில்தான் நான் இப்போது விளையாடுகிறேன்.

கழற்றிய டிஸ்க்

எல்லாம் முடிந்து, புதிய டிஸ்க்கில் முதல் விளையாட்டு ஓடத் தொடங்கியதும் பழைய டிஸ்க் மேசையில் வேலையற்றுக் கிடப்பதுபோலத் தோன்றும். அதை அப்படியே ஓர் உறையில் போட்டு எடுத்து வையுங்கள். கணினியில் இணைத்துப் பார்க்கவே வேண்டாம். உங்களுக்குப் பயன்படும் எதையும் கணினி அதில் காட்டப்போவதில்லை. ஒரு சேமிப்பு வராமல் போயிருந்தால், பேக்கப் பழுதாகியிருந்தால், புதிய டிஸ்க் முதல் வாரத்திலேயே இறந்துபோனால், பழையதை அதே கன்சோலில் திரும்ப மாட்டி விட்டதை எடுத்துக்கொள்ளலாம். இடையில் இயங்குதளப் பதிப்பு மாறியிருந்தால், கன்சோல் மறுபடி நிறுவல் கோப்பைக் கேட்கக்கூடும். அப்போது டிஸ்க்கிலுள்ளவற்றை அழித்துப் புதிதாக நிறுவும் தேர்வில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எவ்வளவு நாள் வைத்திருப்பது? வீட்டில் அந்தக் கன்சோலைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் நுழைந்து, தாங்கள் விளையாடும் ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது திறந்து பார்க்கும்வரை. என்னுடைய அனுபவத்தில் அதற்கு ஒரு மாதம் ஆகிறது. விடுமுறையில் மட்டும் விளையாடும் ஒருவர் எப்போதும் இருப்பார், அவருடைய சேமிப்புதான் விட்டுப்போயிருக்கும். என் தம்பி போன மாதம் கழற்றிய டிஸ்க் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உறையின்மேல் கன்சோலின் வரிசை எண்ணும், கழற்றிய தேதியும், அவன் கையெழுத்தில் 'கணினியில் இணைக்கக் கூடாது' என்ற வரியும் இருக்கின்றன.